ஆணி இல்லாமல் பூத்த நீலம்

வின்சென்ட்,

நீ விட்டுச்சென்ற வீட்டு விற்பனைப் பத்திரத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. போடவும் மாட்டேன். முதல் வரியிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். நடுவில் உனக்கு யாராவது போன் செய்தால் மீதியைப் படிக்காமல் மடித்து வைத்துவிடுவாய் என்று தெரியும். ஆனால் இந்த ஒரு முறை போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு உட்கார். உறையை ஒட்டாமல்தான் அனுப்புகிறேன். உன் மனைவி படிக்கலாம், புரோக்கர் படிக்கலாம், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். இரண்டு நகல் எடுத்தேன். ஒன்றைப் பக்கத்துக் கம்பெனி வாட்ச்மேனிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன். இன்னொன்று நம் மாதா கோயில் அறிவிப்புப் பலகையில் தொங்குகிறது. இத்தனை வயதில் எனக்கு ரகசியம் எதற்கு?

போன ஞாயிற்றுக்கிழமை நீ சமையலறையில் உன் மனைவியிடம் தாழ்ந்த குரலில் பேசினாய். "அம்மா அந்த நாலு கோசுப் பூச்செடிய உட்டுட்டு எங்கயும் வர மாட்டாங்க, பாரு" என்றாய். எனக்குக் கால்தான் சரியில்லை, காது நன்றாகக் கேட்கிறது. முதலில், அவை நாலு இல்லை, இருபத்திரண்டு. இரண்டாவது, அதன் பெயர் ஹைட்ரேஞ்சியா. நம் வீட்டில் வேலை செய்கிற கன்னியம்மா கோசுப் பூ என்று சொன்னால் பொறுத்துக்கொள்வேன், அவள் கான்வென்டில் படிக்கவில்லை. உன்னைப் படிக்க வைத்தேன். மூன்றாவது, நீ சொன்னது உண்மைதான். அந்தச் செடிகளுக்காகத்தான் நான் வரவில்லை. ஆனால் நீ நினைக்கிற காரணம் வேறு.

அப்பா இங்கே ரோலிங் மில்லில் ஃபோர்மனாகச் சேர்ந்தபோது கும்மிடிப்பூண்டியில் நம் தெருவுக்கு விளக்குகூடக் கிடையாது. நான் மலையில், கான்வென்ட் விடுதியில் வளர்ந்தவள். அங்கே படிக்கட்டின் இரண்டு பக்கமும் நீல ஹைட்ரேஞ்சியா குடம் குடமாகப் பூத்திருக்கும். கல்யாணமாகி இரண்டாம் வருடம் அங்கே போய்ப் பத்துக் குச்சிகள் வெட்டி, ஈரத் துணியில் சுற்றி, மேட்டுப்பாளையத்திலிருந்து இங்குவரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். தெருவே சிரித்தது. வெயிலும் உப்புத் தண்ணீரும் உருக்காலைப் புகையும் இருக்கிற ஊரில் மலைப்பூவா என்றார்கள். பத்தில் ஏழு செத்தன. மூன்று பிழைத்தன, அவற்றிலிருந்து வந்தவைதான் இன்றைய இருபத்திரண்டும். வீட்டின் வடக்குப் பக்கம், காலை வெயில் மட்டும் விழுகிற இடத்தில் வைத்தேன். சித்திரையில் கோணிச் சாக்கை நனைத்துப் பந்தல் போட்டேன். வேரைச் சுற்றித் தேங்காய் நாரைப் பரப்பினேன். காலையும் மாலையும் தண்ணீர். அப்படியும் ஐந்து வருடம் ஒரு பூ இல்லை.

அந்த ஐந்து வருடமும் தப்பு என்னுடையதுதான். ஒழுங்கு வேண்டும் என்று ஒவ்வொரு மார்கழிக்கு முன்பும் எல்லாக் கிளைகளையும் ஒரே உயரத்துக்கு வெட்டிவிடுவேன். இந்தச் செடி போன வருடத்துக் கம்பில்தான் மொட்டு வைக்கும். என் கையாலேயே மொட்டை வெட்டி எறிந்துவிட்டு மண்ணைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வருடம் எனக்கு மஞ்சள் காமாலை வந்து கத்தியைத் தொட முடியாமல் போனது. அந்தத் தை மாதம்தான் முதல் பூ வந்தது. பழைய கம்பில் பூக்கிறது என்று சொல்லி என்னை அந்தச் செடியோடு ஒப்பிட்டுப் பேசப் போகிறேன் என்று பயப்படாதே. அந்த மாதிரிப் பேச்சு எனக்குப் பிடிக்காது.

பூ வந்தது, ஆனால் ரோஸ் நிறம். ஆரஞ்சுப்பழம் அளவு. நீலத்தில் வளர்ந்த எனக்கு அது போதவில்லை. விடுதியில் தோட்டம் பார்த்த சிஸ்டர் ஒருவர் வேரோரம் துருப்பிடித்த ஆணிகளைப் புதைப்பார். நீலம் வருவதற்கு என்பார். அது எனக்கு நினைவில் நின்றது. அதனால் அப்பா வாரம் ஒரு முறை மில்லில் வீணாகிக் கிடக்கிற ஆணி, துண்டுக் கம்பி எல்லாவற்றையும் டிபன் கேரியரின் அடித்தட்டில் போட்டுக் கொண்டுவருவார். வாசலிலிருந்தே குரல் கொடுப்பார். "மகாராணி, இன்னிக்கு அரைக் கிலோ துரு! மில்லு மொத்தத்தையும் பேத்துக்கினு வந்து புதைச்சாலும் இது ரோஸ்தான், பாத்துக்க." நான் கேரியரை வாங்கிக்கொள்வேன். வருடக்கணக்காக இது நடந்தது. பூ ரோஸாகவே இருந்தது.

இப்போது உன் பாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். உனக்கு எட்டு வயது. பந்தை எடுக்க வடக்குப் பக்கம் ஓடி, என் ஆணிகளில் ஒன்றை மிதித்தாய். குதிகாலில் முழுதாக ஏறிவிட்டது. நீ அலறினாய். நான் ஓடிவந்தேன். ஓடிவந்து முதலில் என்ன செய்தேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். முறிந்து தொங்கிய கிளையைத் தூக்கி நிறுத்திப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் உன்னைப் பார்த்தேன். அப்பா உன்னைச் சைக்கிளில் உட்கார வைத்து ஊசி போடக் கூட்டிப்போனார். வழியில் நீ அவரிடம், "அம்மாவுக்குச் செடிதான் முக்கியமாப்பா?" என்று கேட்டாயாம். இதை அவர் என்னிடம் இருபது வருடம் சொல்லவில்லை. இறப்பதற்கு முந்தைய வருடம்தான் சொன்னார். கோபத்தில் சொல்லவில்லை, செய்தி போலச் சொன்னார். நான் உன்னிடம் அதற்காக ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச வேண்டும் என்று நினைக்கும்போதெல்லாம் நீ செருப்பு எங்கே கழற்றுகிறாய், சட்டையில் பொத்தான் இருக்கிறதா என்று வேறு எதையாவது சொல்லிவிடுவேன்.

அப்பா போன பிறகு வடக்கு மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த காலி இடத்தில் கம்பெனி வந்தது உனக்குத் தெரியும். கம்பியை ஆசிட் தொட்டியில் முக்கித் துருவை எடுக்கிற இடம். மூக்கை உறுத்துகிற நெடியைத் தவிர எனக்கு அதனால் தொந்தரவு இல்லை என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். மூன்று வருடத்துக்கு முன்னால், தை மாதம் ஒரு காலை, மதிலோரத்து வரிசையில் ஆறு செடிகள் நீலமாகப் பூத்தன. மலையில் பார்த்த அதே நீலம். ஒரு கொத்தை வெட்டி அப்பா படத்துக்கு முன்னால் வைத்து, "இப்போ என்ன சொல்றீங்க?" என்று கேட்டேன். மாதா கோயில் பீடத்துக்கு நான்கு வாரம் என் பூதான். பொன்னேரியிலிருந்துகூடப் பார்க்க வந்தார்கள். கூடப் படித்த தோழிகளுக்குப் போட்டோவுடன் கடிதம் எழுதினேன். ஆணிகள் கடைசியில் வேலை செய்துவிட்டன என்று எழுதினேன்.

எனக்குக் கண் தெரியாமல் இல்லை, வின்சென்ட். ஆணி இருபத்திரண்டு செடிக்கும் போட்டிருந்தேன். மதிலை ஒட்டிய வரிசை மட்டும் நீலம். அடுத்த வரிசை ரோஸ். தொட்டியில் வைத்த இரண்டு செடிகளுக்கு மற்றவற்றைவிட அதிக ஆணி, அவையும் ரோஸ். முதல் வருடமே இதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தச் சிஸ்டர் ஆணியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. "புளித்த மண்ணில் நீலம், சுண்ணாம்பு மண்ணில் ரோஸ்" என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் ஆணியைப் பற்றிச் சொன்னார். எனக்கு வேண்டிய பாதியை வைத்துக்கொண்டேன். நம் மண் எப்படித் திடீரென்று புளித்தது, அதுவும் ஒரே ஓரத்தில் என்று நான் கேட்டிருக்க வேண்டும். உனக்கும் சொல்கிறேன். யாராவது குறை சொன்னால் நாம் நூறு கேள்வி கேட்கிறோம். புகழ்ந்தால் ஒன்றுகூடக் கேட்பதில்லை. நான் கேட்கவில்லை.

கன்னியம்மா கேட்டாள். முப்பது வருடமாக நம்மிடம் இருக்கிறாள், அவள் வீட்டில் சமைக்கவும் குடிக்கவும் நம் கிணற்றுத் தண்ணீரைத்தான் எடுத்துப்போவாள். அவள் என்னை 'நீ' போட்டுப் பேசுவது உனக்குப் பிடிக்காது. எனக்கு அவள் 'நீங்கள்' என்று சொன்னால்தான் பயமாக இருக்கும். போன வருடத்துக்கு முந்தைய மழைக்காலம் முடிந்த சமயம், குடத்தைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இன்னாமா, கெணத்துத் தண்ணி ஒரு தினுசா கீது. நாக்குல வச்சா சுருக்குங்குது. சோறு வடிச்சா நெறமே மாறிப் போவுது."

"குடத்தைப் புளி போட்டுத் தேய்ச்சிருப்பே. சரியாக் கழுவியிருக்க மாட்டே."

"நா இன்னா கொயந்தயா, கொடம் கயுவத் தெரியாதா? நீ கேன் தண்ணி குடிச்சிக்கினு கீறே. உனுக்கு எங்க தெரியப் போவுது?"

நீ எனக்கு ஏற்பாடு செய்த கேன் தண்ணீர்தான் அது. என் மகன் என்னை எப்படிக் கவனித்துக்கொள்கிறான் என்று நான் எல்லோரிடமும் பெருமை பேசிய தண்ணீர். அவள் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எப்போதும் எதையாவது குறை சொல்கிறவள் என்று நினைத்தேன். இரண்டு மாதம் கழித்து அவளுடைய சின்ன மகள் ஸ்டெல்லா வயிற்று எரிச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வாயெல்லாம் புண். பத்தாம் வகுப்புப் பெண். பார்க்கப் போகும்போது நான் என்ன எடுத்துப்போனேன் தெரியுமா? ஒரு கொத்து நீல ஹைட்ரேஞ்சியா. டாக்டர் கன்னியம்மாவிடம் வீட்டில் எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள்.

அன்று மாலையே பொன்னேரிக்குப் போய், பள்ளிக்கூடச் சாமான் விற்கிற கடையில் நீல லிட்மஸ் தாள் வாங்கினேன். பையனுக்கா என்று கடைக்காரர் கேட்டார். எனக்குத்தான் என்றேன். கிணற்றுத் தண்ணீரில் நனைத்தேன், சிவந்தது. மதிலோர மண்ணைக் கேன் தண்ணீரில் கரைத்து நனைத்தேன், இன்னும் சிவந்தது. கேன் தண்ணீரில் மட்டும் நனைத்தேன், அப்படியே இருந்தது. ஆசிட் தொட்டியிலிருந்து மதிலுக்கு அடியில் கசிவு வந்திருக்கிறது. வேறு எங்கிருந்து வரும்? லிட்மஸைச் சிவப்பாக்கியதும் என் பூவை நீலமாக்கியதும் ஒன்றேதான். மூன்று வருடமாக அந்தச் செடிகள் தினமும் எனக்கு அதைச் சொல்லியிருக்கின்றன. நான் அதைப் பூ ஜாடியில் வைத்து எல்லோருக்கும் காட்டியிருக்கிறேன்.

கிணற்றுக்கு இரும்பு மூடி போட்டுப் பூட்டினேன். மூடி எதற்கு என்று நீ கேட்டபோது கொசு என்று சொன்னேன். அது பொய். ஸ்டெல்லா இப்போது தேறிவிட்டாள், பரீட்சைக்குப் படிக்கிறாள். நீ அனுப்புகிற இரண்டு கேனில் ஒன்று அவர்கள் வீட்டுக்குப் போகிறது. கன்னியம்மாவிடம் என் தப்பைச் சொன்னேன். "தெரியும் போ. அந்த மூஞ்சிய வச்சிக்கினு நிக்காத, எனுக்கு வேல கீது" என்றாள். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எட்டாவது நாள் வந்து, "எவன்கிட்ட எயுதிப் போடணுமோ போடு, நா ரேகை வெக்கிறேன்" என்றாள். ரேகை வேண்டாம், கையெழுத்துப் போடு என்று சொல்லி ஒரு மாதம் அவள் பெயரை எழுதக் கற்றுக்கொடுத்தேன். மனுவில் என் பெயருக்கு மேலே அவள் பெயர் இருக்கிறது. தண்ணீரைக் குடித்தவர்கள் அவர்கள்.

மனு கொடுத்து ஒன்பது மாதம் ஆயிற்று. ஒரு அதிகாரி வந்தார். தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து, "பூ நல்லாத்தானம்மா கீது?" என்றார். லிட்மஸ் தாள்களைத் தேதி எழுதி ஒட்டிய நோட்டைக் காட்டினேன். அதெல்லாம் செல்லாது, முறைப்படி தண்ணீர் எடுத்துச் சோதிக்க வேண்டும், மதிலை ஒட்டி இருக்கிற கிணறு இது ஒன்றுதான், அதை மண் போட்டு மூடிவிடாதீர்கள், திரும்ப வருகிறோம் என்றார். போய்விட்டார். மூன்று முறை நினைவூட்டிக் கடிதம் எழுதியிருக்கிறேன். இந்த மாதக் கடைசித் திங்கட்கிழமை வருவதாகப் போன வாரம்தான் பதில் வந்தது.

அதே வாரம்தான் கம்பெனி மேனேஜர் ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார், அதைச் சொல்ல வேண்டும். "ஊட்டிக்கே போவ வேணாம் மேடம், இங்கயே ஊட்டிய வச்சிருக்கீங்க" என்றார். பிறகு, "மண்ணு கொஞ்சம் பேஜாரா இருக்கும்னு கேள்விப்பட்டேன். ஒரு லோடு சுண்ணாம்பு இறக்கிடறேன். செடிக்கும் நல்லது, கெணத்துக்கும் நல்லது. காசெல்லாம் வேணாம்."

"சுண்ணாம்பு போட்டா இந்தப் பூ என்ன நிறமாகும் தெரியுமா?" என்று கேட்டேன்.

"வெள்ளையாவுமா மேடம்?"

"ரோஸாகும். தண்ணியும் கொஞ்ச நாளைக்கு நல்ல தண்ணியாத் தெரியும். திங்கட்கிழமை வரைக்கும் அது போதும், இல்லையா?"

அவர் ஸ்வீட் பாக்ஸைப் பார்த்தார். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த கன்னியம்மா திரும்பாமலே, "அத்தக் கையோட எடுத்துக்கினு போ நைனா. சுகர் கீது இந்தம்மாவுக்கு" என்றாள். எனக்குச் சர்க்கரை வியாதி இல்லை.

மூன்றாம் நாள் உன் புரோக்கர் உனக்குப் போன் செய்தார். நல்ல விலை, நல்ல பார்ட்டி, ஆனால் இந்த மாதத்துக்குள் முடிக்க வேண்டும். வாங்குகிறவர் பெயரைப் பத்திரத்தில் நன்றாகப் படித்தாயா? நான் படித்தேன். முகவரி நம் மதிலுக்கு அந்தப் பக்கம். அவர்களுக்கு என் வீடு வேண்டாம். அவர்களுக்கு வேண்டியது அந்தக் கிணறு, அதை மண் கொட்டி மூடி மேலே ஷெட் போடுவதற்கு. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. மழையில் நான் வழுக்கி விழுந்ததிலிருந்து உனக்குத் தூக்கம் இல்லை என்று தெரியும். வேப்பம்பட்டில் உன் வீட்டில் எனக்கென்று கீழ் அறையை ஒதுக்கி, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பிகூட வைத்திருக்கிறாய். அதை நான் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பார்த்தேன். நெடி பிடித்த இந்த இடத்தில், எளாவூர் சோதனைச் சாவடிக்குப் போகிற லாரிகளின் சத்தத்தில், ஒரு கிழவி எதற்குத் தனியாக என்று நீ கேட்பது நியாயம். வயதான அம்மா தன் பூச்செடிகளைப் பிடித்துக்கொண்டு அடம் பிடிக்கிறாள் என்று எல்லோரும் சொல்லட்டும். எனக்கு அது வசதிதான். பிடிவாதக்காரக் கிழவியை நகர்த்துவது கஷ்டம்.

திங்கட்கிழமை தண்ணீர் எடுத்துப் போன பிறகு, முடிவு வந்த பிறகு, அந்தத் தொட்டியைச் சரிசெய்து தெருவுக்கு நல்ல தண்ணீர் வந்த பிறகு, நானே உன் கீழ் அறைக்கு வருகிறேனா இல்லையா என்று பேசுவோம். அதுவரை இங்கிருந்து என்னை யாரும் அசைக்க முடியாது. நீயும்தான். சுண்ணாம்பு லாரி வாசலில் நின்றால் குறுக்கே நாற்காலி போட்டு உட்காருவேன். கன்னியம்மாவுக்கும் ஒரு நாற்காலி வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ வருவாய். வா. பத்திரத்தைக் கொண்டுவராதே. மூடி இறுக்கமான, சுத்தமான கண்ணாடிப் பாட்டில் ஆறு கொண்டுவா. அவர்கள் எடுக்கிறபடி எடுக்கட்டும். நாமும் எடுத்து, சீல் வைத்து, சென்னையில் வேறு இடத்தில் சோதனைக்குக் கொடுப்போம். எந்த இடம் என்று நீ விசாரித்து வை. கிணற்றின் மூடியை என்னால் தனியாகத் தூக்க முடியாது, அதற்கும் நீ வேண்டும். சென்ட்ரலில் இறங்கி முதல் கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடித்தால் எட்டு மணிக்குள் வந்துவிடலாம். காலை நாஷ்டா இங்கேதான்.

இன்னொன்று. போன வருடம் பூ முடிந்ததும் நான் ஆணிகளை எடுக்க ஆரம்பித்தேன். முழங்கால் மடிய மாட்டேன் என்றதால் முக்காலி போட்டு உட்கார்ந்து, சிறு கரண்டியால் ஒவ்வொரு செடியின் வேரோரமும் கிளறி, மண்ணைச் சல்லடையில் சலித்து எடுத்தேன். ஆறு மாதம் ஆயிற்று. அப்பா கொண்டுவந்தது அத்தனையும் அவருடைய டிபன் கேரியரில் நான்கு தட்டும் நிரம்பி, ஒரு பக்கெட்டும் நிரம்பிவிட்டது. இந்தத் தையில் ஒரு ஆணிகூட இல்லாமல் மதிலோர வரிசை நீலமாகவே பூத்தது. இரண்டாவது வரிசையிலும் நீலம் ஏறத் தொடங்கியிருக்கிறது. என்னோடு அப்பா பேசிய பந்தயத்தில் அவர்தான் ஜெயித்தார், அவர் படத்துக்கு முன்னால் அதையும் சொல்லிவிட்டேன்.

கடைசியாக மண்ணை விரலால் ஒரு முறை தடவிப் பார்த்தேன். கிணற்றுக்குப் போகிற வழி முழுக்கப் பார்த்துவிட்டேன். நீ வெறுங்காலோடு நடக்கலாம்.

உன் அம்மா